கரைசேராத மாலுமிகள்

1994ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் 19ஆம் திகதி இரவு கழிந்து 20ஆம் திகதி விடிவதற்கு முன்னர், மன்னார்க் கடலிலே இலங்கைக் கடற்படையின் 'சாகரவர்த்தனா' என்னும் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. அக்காலத்தில் கடற்படையிடம் இருந்த பெரிய ரோந்துக் கப்பல்களுள் அதுவும் ஒன்று. ஏறத்தாழ 40 மீற்றர் நீளமானது. வெளிநாட்டில் வாங்கியது அன்று. 1980களின் முற்பகுதியில் கொழும்புக் கப்பற்றளத்திலேயே கட்டப்பட்டது. வெடிமருந்து நிரப்பிய கடற்புலிகளின் படகுகள் மோதியதில் அது நீருள் போயிற்று. அதிலிருந்தவர்களுள் சிலர் காப்பாற்றப்பட்டனர். கப்பலின் கட்டளை அதிகாரி அஜித் போயகொடவும் இன்னொரு மாலுமியும் உயிரோடு பிடிபட்டனர். இருபதுக்கு மேற்பட்டோர் வீடு திரும்பவே இல்லை.

இக்கட்டுரை அந்த இருபதுக்கு மேற்பட்டோரைப் பற்றியது. அவர்களுடைய பெயர்களை இங்கே எழுதப் போவதில்லை. அவை அவர்களுடைய வீட்டாருக்கு உரியவை. ஆயினும் அவர்கள் எப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வந்தார்கள், எங்கள் கடலில் என்ன செய்துகொண்டிருந்தார்கள், போனபின் அவர்களுடைய வீடுகளில் என்ன நடந்தது என்பவற்றை நாம் அறிந்துகொள்வது வீண் வேலையாகாது.

"நேவிக்காரனுக்காக நாங்கள் ஏன் அழ வேண்டும்?" என்று வாசகர் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். எங்கள் கடலை அடைத்தவர்கள் அவர்கள். எங்கள் வள்ளங்களுக்குச் சுட்டவர்களும் அவர்களே. அதை மறைத்து எழுதுவது எவருக்கும் மரியாதை ஆகாது. ஆகவே முதலில் அதைச் சொல்லிவிட்டே மற்றதைச் சொல்வோம்.

காரைநகரில் ஒரு காலம்

கடற்படை எப்போதும் எங்களுக்கு அந்நியமாக இருக்கவில்லை. 1960 முதல் 1970 வரை பத்து ஆண்டுகள் இலங்கைக் கடற்படைக்குத் தளபதியாக இருந்தவர் ஒரு தமிழர்: றியர் அட்மிரல் ராஜன் கதிர்காமர். பின்னாளில் வெளிவிவகார அமைச்சராக இருந்து 2005இல் கொல்லப்பட்ட லக்ஷ்மன் கதிர்காமரின் தமையனார் இவர். காரைநகரில் உள்ள கடற்படைத் தளத்திற்கு 'எலார' என்று பெயர். எலார என்பது சிங்களத்தில் எல்லாளன். அநுராதபுரத்தில் இருந்து ஆண்ட தமிழ் மன்னனின் பெயரை வடகடலோரத் தளத்திற்கு வைத்த காலம் ஒன்று இருந்தது என்பது இன்றைய இளைஞர்களுக்கு வியப்பாக இருக்கும். போர் முற்றிய காலத்திலும் அப்பெயர் மாற்றப்படவில்லை. எல்லாளன் பெயரைச் சூடிய தளத்திலிருந்துதான் எங்கள் வள்ளங்களைத் துரத்தும் படகுகள் புறப்பட்டன!

கதிர்காமர் தளபதியாக இருந்த காலத்திலேயே காற்று மாறத் தொடங்கிவிட்டது. 1956இன் மொழிச் சட்டம், 1962இல் நடந்த இராணுவச் சதி முயற்சி ஆகியவற்றுக்குப் பின்னர் முப்படைகளிலும் தமிழரைச் சேர்ப்பது படிப்படியாகக் குறைந்தது. 1983இல் போர் வெடித்தபோது கடற்படை அநேகமாக ஓரினத்தவரின் படையாகவே இருந்தது. அன்று அதில் சில ஆயிரம் பேரே இருந்தனர். 2009இல் போர் முடியும்போது தொகை நாற்பதினாயிரத்தைத் தாண்டியிருந்தது. இருபத்தாறு ஆண்டுகளில் அத்தனை பிள்ளைகளையும் எங்கிருந்து எடுத்தார்கள் என்பதற்குப் பின்னர் வருவோம்.

அடைபட்ட கடல்

1990 யூனில் மறுபடி போர் மூண்டதும் ஆனையிறவுப் பாதை மூடப்பட்டது. குடாநாடு தீவாயிற்று. கொம்படி–ஊரியான், சங்குப்பிட்டி, கடைசியாகக் கிளாலி என்று நாங்கள் பாதை மாற்றிப் பாதை மாற்றி ஓடிய கதையை அனுபவித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இரவில் கிளாலிக் கரையில் வள்ளத்துக்குக் காத்திருந்தவர்களுக்கு நாகதேவன்துறை என்ற பெயர் என்ன நடுக்கத்தைக் கொடுத்தது என்பது தெரியும். அங்கேதான் கடற்படை முகாம் இருந்தது. 1993 ஜனவரி 2ஆம் திகதி அந்தக் கடனீரேரியைக் கடந்த எங்கள் சனங்கள் பலர் கடற்படையினரால் கொல்லப்பட்டார்கள். அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன், 1985 மே 15ஆம் திகதி, நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்த குமுதினிப் படகில் இருபதுக்கு மேற்பட்டோர் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டனர். குழந்தைகளும் அதற்குள் இருந்தனர். அதைச் செய்தவர்களும் கடற்படையினர் என்பதே தப்பியவர்களின் சாட்சியம்.

இவை பெரிய சம்பவங்கள். தினமும் நடந்தது வேறு. பொருளாதாரத் தடையைக் கடலில் காவல் காத்தது கடற்படை. மண்ணெண்ணெய் இல்லாமல் நீரிறைக்கும் இயந்திரம் மூலையில் கிடந்தது. யூரியா வராது, வெடிமருந்தாகிவிடும் என்பது காரணம். வெங்காயமும் புகையிலையும் மிளகாயும் செய்த செம்மண் தோட்டக்காரர் மறுபடி துலாவுக்கும் பட்டைக்கும் திரும்பினார்கள். இலைகுழையும் எருவும் தேடி அலைந்தார்கள். விளைந்ததைத் தெற்கே அனுப்ப வழியில்லை. வலிகாமம் வடக்கிலிருந்து 1990இலேயே எழும்பியவர்களுக்கோ தோட்டமே இல்லை. ஆகவே கடற்படைக் கப்பல் ஒன்று தாண்டது என்ற செய்தி குடாநாட்டிலே எப்படி வரவேற்கப்பட்டிருக்கும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. பசித்திருந்தவர்களுடைய மகிழ்ச்சிக்காக அவர்களைக் குற்றஞ்சாட்ட எனக்கு மனமில்லை.

ஆனால் அந்தக் கப்பலில் இருந்தவர்களுள் தடைச் சட்டத்தை எழுதியவர் எவரும் இல்லை. அதை எழுதியவர்கள் கொழும்பிலே பத்திரமாக இருந்தார்கள்.

அவர்களும் கமக்காரர் பிள்ளைகளே

இலங்கைப் படைகளில் சாதாரண வீரர்களாகவும் மாலுமிகளாகவும் சேர்ந்த இளைஞர்களில் மிகப் பெரும்பாலானோர் கிராமத்தவர். குருநாகல், அநுராதபுரம், பொலன்னறுவை, மொனராகலை போன்ற மாவட்டங்களின் நெற்செய்கைக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் அவர்களுள் ஏராளம். குடியேற்றத் திட்டங்களில் தகப்பனுக்கு அரசாங்கம் கொடுத்த காணி ஒன்றுதான். பிள்ளைகளோ நாலைந்து பேர். துண்டுபோட்டால் ஒருவருக்கும் காணாது. மூத்தவன் வயலைச் செய்வான். இரண்டாமவன், மூன்றாமவன் எங்கே போவது? உரமும் கிருமிநாசினியும் விலை ஏற ஏற, நெல்லின் விலை ஏறவில்லை. பத்தாம் வகுப்பு வரை படித்தவனுக்கு மாதச் சம்பளம் தரும் வேலை எதுவும் கிராமத்தில் இல்லை. படையில் சேர்ந்தால் சம்பளம், சாப்பாடு, உடுப்பு, பின்னுக்கு ஓய்வூதியம். அரசாங்க உத்தியோகம் என்ற மதிப்பும் உண்டு.

1977இன் பின்னர் வந்த திறந்த பொருளாதாரத்தின் நன்மைகள் கொழும்பையும் அதைச் சுற்றியுள்ள இடங்களையுமே பெரும்பாலும் சேர்ந்தன. உள்ளூர்ச் சிங்களக் கிராமங்களில் ஏற்பட்ட வெற்றிடத்தைப் படைச் சம்பளமே நிரப்பியது என்று ஆய்வாளர்கள் எழுதியுள்ளனர். போர் நீடிக்க நீடிக்க ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. வயலால் வாழமுடியாத கிராமம் போரால் வாழத் தொடங்கியது. வடக்கிலிருந்து வந்த சம்பளக் காசில் மண்சுவர் கல்சுவராயிற்று. தங்கைக்குக் கலியாணம் நடந்தது. அதே வடக்கிலிருந்துதான் மூடிய பெட்டிகளும் வந்தன.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்தையும் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. எங்கள் பிள்ளைகள் சம்பளத்துக்குப் போகவில்லை. அந்த வித்தியாசத்தை யாரும் மறுக்கப் போவதில்லை. ஆனால் யார் வீட்டுப் பிள்ளைகள் போனார்கள் என்று பார்த்தால், அங்கும் தோட்டக்காரரும் கடற்றொழிலாளரும் கூலிக்காரருமே அதிகம். கொழும்புக்கோ கனடாவுக்கோ அனுப்பக் காசிருந்த வீடுகள் அனுப்பிவிட்டன. இது கசப்பான உண்மை. ஊரில் எல்லோருக்கும் தெரியும்; ஒருவரும் பெரிதாகப் பேசுவதில்லை.

கப்பல் மூழ்கிய வேளை

சாகரவர்த்தனா மூழ்கிய வேளையைக் கவனிக்க வேண்டும். 1994 ஓகஸ்ற் 16ஆம் திகதி பொதுத்தேர்தல் நடந்து சந்திரிகா குமாரதுங்க பிரதமரானார். சமாதானம் பேசப் போவதாகச் சொல்லியே அவர் வாக்குக் கேட்டார். செப்ரெம்பர் தொடக்கத்தில் தடை செய்யப்பட்ட பொருட்கள் சிலவற்றின் மீதான கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. பதினேழு ஆண்டுகளுக்குப் பின்னர் ஆட்சி மாறியதில் இரு பக்கத்துக் கிராமங்களிலும் ஒரு சிறு நம்பிக்கை முளைத்திருந்தது. பேச்சுக்காரர் ஒக்ரோபர் நடுப்பகுதியில் யாழ்ப்பாணம் வந்தார்கள். ஜனவரி 8ஆம் திகதி போர் நிறுத்தம் நடைமுறைக்கு வந்தது. அதாவது அந்தக் கப்பலில் இருந்தவர்கள் இன்னும் மூன்றரை மாதம் உயிரோடு இருந்திருந்தால், சில காலமாவது சுடாத கடலைப் பார்த்திருப்பார்கள். சில காலம் என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. 1995 ஏப்ரல் 19ஆம் திகதி திருகோணமலைத் துறைமுகத்தில் 'சூரயா', 'ரணசுறு' என்ற இரண்டு கடற்படைப் படகுகள் தகர்க்கப்பட்டதோடு அந்தப் போர் நிறுத்தம் முடிந்துபோயிற்று. அங்கும் மாலுமிகள் இறந்தார்கள்.

மன்னார்க் கடலில் வெடிப் படகுகளை ஓட்டிவந்து மோதியவர்களும் இளவயதினரே. பெண்களும் அவர்களுள் இருந்தனர். மூழ்கியவர்களுக்கு மட்டுமன்றி, மூழ்கடித்தவர்களுக்கும் உடல் இல்லை. துயிலும் இல்லங்களுக்குப் போய்வந்தவர்கள் அறிந்திருப்பார்கள்: உடல் விதைக்கப்பட்ட இடத்தில் இருந்தது கல்லறை; உடல் கிடைக்காதவர்களுக்கு வைத்தது நினைவுக்கல். கடலிலே போனவர்களில் பலருக்கு நினைவுக்கல்தான். பின்னர் அந்தக் கல்லும் இல்லாமற் போயிற்று. கோப்பாய்த் துயிலும் இல்லம் இருந்த இடத்தை இடித்து, அதன்மேல் இராணுவத்தின் 51ஆவது படைப்பிரிவுத் தலைமையகம் 2011இல் எழுந்தது. போரில் வென்றவர்கள் தங்கள் இறந்தவர்களுக்குத் தூபி கட்டலாம். தோற்றவர்களின் தாய்மாருக்குப் பூ வைக்க ஒரு கல்லையாவது விட்டிருக்கலாம் என்பது என் எண்ணம்.

பிடிபட்டவரின் எட்டு ஆண்டுகள்

உயிரோடு பிடிபட்ட அதிகாரி போயகொட கண்டியைச் சேர்ந்தவர். 1974இல் கடற்படையில் சேர்ந்தவர். புலிகளிடம் பிடிபட்ட படை அதிகாரிகளுள் மிக உயர்ந்த நிலையில் இருந்தவர் அவரே. முதலில் யாழ்ப்பாணத்தில் தடுத்து வைக்கப்பட்டார். 1995 ஒக்ரோபர் 17ஆம் திகதி இராணுவம் வலிகாமத்தை நோக்கிப் புறப்பட்டது. ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு நாவற்குழிப் பாலத்தில் நாங்கள் மழையில் நனைந்து ஓரடி ஓரடியாக நகர்ந்தோமே, அந்த ஆண்டிலேதான் யாழ்ப்பாணத்திலிருந்த கைதிகளும் வன்னிக்குக் கொண்டு போகப்பட்டார்கள். தோட்டக்காரன் தோட்டத்தை விட்டுப் போனான். அவன் தோட்டத்துக்கு வந்த எண்ணெயைத் தடுத்தவனும் அதே பக்கமாகவே கொண்டுசெல்லப்பட்டான். இருவருக்கும் எப்போது திரும்புவோம் என்று தெரியாது. எங்களிற் பலர் 1996 ஏப்ரல், மே மாதங்களில் திரும்பிவிட்டோம். அவர் திரும்ப 2002 செப்ரெம்பர் ஆயிற்று.

எட்டு ஆண்டுகள் தடுப்பில் கழிந்தன. சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தார் வந்து பார்த்தார்கள். கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுத்து, பதிலைக் கொண்டுவந்தார்கள். 'இவர் உயிரோடிருக்கிறார்' என்பது ஒரு வீட்டிற்குத் தெரிந்திருந்தது. அது எவ்வளவு பெரிய வரம் என்பதை, அந்த வரம் கிடையாதவர்களே நன்கு உணர்வர். 2002இல் போர் நிறுத்த உடன்படிக்கை வந்தது. தாய்லாந்தின் சத்தகிப் என்னும் ஊரில், அதுவும் ஒரு கடற்படைத் தளத்தில், முதற் சுற்றுப் பேச்சு நடந்த அதே செப்ரெம்பரிலே, கைதிகள் பரிமாற்றத்தில் அவர் விடுதலையானார்.

விடுதலையோடு கதை நன்றாக முடிந்தது என்று சொல்ல முடியவில்லை. சிறைவைத்தவர்களை அவர் அரக்கர்களாகச் சொல்ல மறுத்தார். தன்னை அடித்து வதைக்கவில்லை, மனிதனாகவே நடத்தினார்கள் என்று சொன்னார். அவ்வளவுதான் அவர் செய்த குற்றம். எதிரியோடு சேர்ந்துவிட்டாரோ என்ற ஐயம் அவருடைய சொந்தப் பக்கத்தாராலேயே அவர்மீது போடப்பட்டது. தம் அனுபவத்தை எழுத்தாளர் சுனிலா கலப்பத்தியிடம் அவர் சொல்ல, அது 2016இல் ஆங்கிலத்தில் நூலாயிற்று. வன்னியில் சில மாதங்களேனும் தடுத்து வைக்கப்பட்டு வந்த எங்கள் ஆட்களும், தடுப்பு முகாம்களிலிருந்து 'புனர்வாழ்வு' பெற்று வந்த எங்கள் பிள்ளைகளும் இந்த ஐயப் பார்வையை நன்றாக அறிவார்கள். அங்கிருந்து திரும்பியவனை இங்கே நம்ப மாட்டார்கள். இங்கிருந்து போனவனை அங்கே நம்ப மாட்டார்கள்.

வராதவர்களின் வீடு

இனி, வராத இருபதுக்கு மேற்பட்டோருக்கு வருவோம்.

தரையில் செத்தவனுக்கு ஒரு உடலோ, எலும்போ, உடுப்போ கிடைக்கலாம். கடல் அப்படியல்ல. எங்கள் கரையூர், பாசையூர், மயிலிட்டி, வல்வெட்டித்துறை, மணற்காடு மக்களைக் கேட்டால் சொல்வார்கள்: கடலுக்குப் போனவன் வரவில்லையென்றால் வீட்டார் எளிதில் வெள்ளை உடுக்க மாட்டார்கள். வேறு கரையில் ஏறியிருப்பான், இந்தியாவுக்கு அடித்துப் போயிருக்கும் என்றே சொல்லிக்கொண்டிருப்பார்கள். கடலோரத்தவர்களுக்கு இது பழகிய துன்பம். ஆனால் கடலையே காணாமல் வயற்கரையில் வளர்ந்த ஒரு தாய்க்கு, 'உம்முடைய மகன் கடலில் காணாமற் போய்விட்டான்' என்ற கடிதம் என்ன விளங்கும்? கடல் எவ்வளவு பெரியது என்பதே அவளுக்குத் தெரியாது. நீந்திக் கரை சேர்ந்திருப்பான், புலிகள் பிடித்து வைத்திருப்பார்கள் என்றே அவள் நினைப்பாள். சாகரவர்த்தனாவில் இருந்து இரண்டு பேர் அப்படிப் பிடிபட்டதும் உண்மைதானே. இரண்டு பேர் உயிரோடிருந்தால் மூன்றாவது ஆள் ஏன் இருக்கக்கூடாது? இப்படிப்பட்ட கணக்கை எந்தத் தாயும் போடுவாள்.

இந்தக் கணக்கிலிருந்து ஒரு தாய் இயக்கமே பிறந்தது. கண்டியைச் சேர்ந்த விசாகா தர்மதாசவின் மகன் கடற்படையில் அல்ல, இராணுவத்தில் இருந்தவர். 1998 செப்ரெம்பரில் கிளிநொச்சிச் சண்டையில் தமது 21ஆவது வயதில் காணாமற் போனார். அன்று காணாமற் போனவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தனர். தாயார் சும்மா இருக்கவில்லை. காணாமற் போன படையினரின் பெற்றோரைச் சேர்த்துச் சங்கம் அமைத்தார். அப்போதுதான் ஒன்று தெரியவந்தது. போருக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் பலரின் கழுத்தில் பெயரும் இலக்கமும் பொறித்த தகடு கூட இல்லை. செத்தால் யார் என்று சொல்ல வழியில்லை. அத்தகட்டை எல்லாப் படையினரும் அணிய வேண்டும் என்று விடாது கேட்டவர் அவர். பிறகு அவர் வன்னிக்கும் வந்து புலிகளின் பொறுப்பாளர்களைச் சந்தித்தார்; எங்கள் தாய்மாரோடும் பேசினார். போரினால் பாதிக்கப்பட்ட இரு பக்கப் பெண்களும் சேர்ந்த அமைப்பொன்று 2000இல் உருவானது. சிங்களம் தெரியாத தாயும் தமிழ் தெரியாத தாயும் படத்தை மட்டும் நீட்டிப் பேசிக்கொண்டார்கள் என்றால் நம்பக் கடினமில்லை.

இலங்கையில் காணாமற் போனோர் என்று சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தில் பதியப்பட்டோர் தொகை 16,000க்கு மேல். அவர்களுள் 5,000க்கு மேற்பட்டவர்கள் அரச படையினர். மூன்றில் ஒரு பங்கு எனலாம். எங்களில் அனேகருக்கு இந்தத் தொகை தெரியாது. காணாமற் போவது தமிழனுக்கு மட்டுமே நேர்ந்தது என்றே எண்ணியிருந்தோம்.

ஆனால் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடவும் கூடாது. அது பெரிய அநீதியாகும். ஒரு படையினன் சண்டையில் காணாமற் போவது ஒன்று. வீட்டில் படுத்திருந்தவனை, சோதனைச் சாவடியில் நின்றவளைக் கொண்டுபோய் இல்லாமற் செய்வது வேறு. 1996 செப்ரெம்பர் 7ஆம் திகதி பரீட்சை எழுதிவிட்டு வீடு திரும்பிய மாணவி கிருசாந்தி குமாரசுவாமி செம்மணிச் சாவடியில் மறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். அவரைத் தேடிப் போன தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டனர். அவ்வழக்கில் தண்டனை பெற்ற படையினன் ஒருவன் 1998இல் நீதிமன்றில் சொன்னதாலேயே செம்மணிப் புதைகுழிகள் வெளிவந்தன. 1999இல் 15 உடல்கள் எடுக்கப்பட்டன. பின்னர் கால் நூற்றாண்டு மௌனம். 2025இல் அதே செம்மணியில், சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்கு வெட்டியபோது எலும்புகள் தலைகாட்டின. நீதிமன்றின் மேற்பார்வையில் தோண்டி இருநூறுக்கு மேற்பட்ட எலும்புத் தொகுதிகள் எடுக்கப்பட்டன. சிறுபிள்ளைகளுடையவையும் அவற்றுள் இருந்தன. 2009 மே மாதம் வட்டுவாகலில் உறவினரின் கண்முன்னே கையளிக்கப்பட்டவர்களைப் பற்றியும் இன்றுவரை பதில் இல்லை. அதற்காகவே 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தாய்மார் தெருவோரம் அமர்ந்தார்கள். அவர்களிற் பலர் பதில் கிடையாமலே இறந்து போனார்கள்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. காணாமற் போன மாலுமியின் வீட்டுக்குச் சம்பளமோ ஓய்வூதியமோ போயிற்று. தாய்க்கு மகன் இல்லை. ஆனால் அடுப்பு எரிந்தது. காணாமற் போன எங்கள் தோட்டக்காரனின் மனைவிக்கு அடுப்பும் எரியவில்லை.

காணியும் கையொப்பமும்

இது வெறும் மனத்துயரமாக நின்றுவிடவில்லை என்பதை எங்கள் பெண்கள் அறிவார்கள். தேசவழமைச் சட்டப்படி மணமான ஒரு பெண் தன் பெயரில் உள்ள சீதனக் காணியைக்கூடக் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது. கணவன் காணாமற் போய்விட்டான். கையொப்பம் யாரிடம் வாங்குவது? மாவட்ட நீதிமன்றில் மனுப்போட்டு அனுமதி பெறலாம். அதற்குச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் நாற்பது கட்டை வெங்காயத்துக்கு விதைக்காசு இல்லாதவள் சட்டத்தரணிக்கு எங்கே போவாள்? இரண்டு பரப்புக் காணியை ஈடுவைத்துக் கிணறு இறைக்கும் இயந்திரம் வாங்க நினைத்த பெண், அதே காணியைத் தரிசாக விட்டுவிட்டுக் கூலிக்குப் புல்லுப்பிடுங்கப் போன கதை ஒன்றல்ல.

மரணச் சான்றிதழ் எடுத்தால் இந்தச் சிக்கல் தீரும் என்று அதிகாரிகள் சொன்னார்கள். ஓராண்டுக்கு மேல் காணாமற் போனவருக்கு மரணச் சான்றிதழ் வழங்க 2010இல் ஒரு சட்டம் வந்தது. பலர் மறுத்தார்கள். 'செத்துப்போனான் என்று நானே எழுதிக் கொடுப்பதா?' என்று கேட்டார்கள். உறுதி ஒரு பக்கம், நம்பிக்கை மறுபக்கம். எதை எழுதிக் கொடுப்பது?

2016இல் இதற்கு ஒரு நடுவழி வந்தது. அந்தச் சட்டத்தைத் திருத்தி, 'காணக்கிடைக்காமைக்கான சான்றிதழ்' ஒன்றை வழங்க ஏற்பாடு செய்தார்கள். இது அவர் இறந்துவிட்டார் என்று சொல்வதில்லை; காணாமற் போயிருக்கிறார் என்று மட்டும் சொல்கிறது. இதை வைத்துப் பிள்ளைகளின் காரியங்களையும் நிவாரணங்களையும் பார்க்கலாம். அவருடைய சொத்துக்களைத் தற்காலிகமாகப் பராமரிக்கலாம். காணி விற்பனைக்கு இது மட்டும் போதாது. அதற்கு நீதிமன்றம் போகவே வேண்டும். ஆயினும் அங்கே காட்டுவதற்கு ஒரு பத்திரம் கையில் இருக்கும். அதே ஆண்டின் இன்னொரு சட்டத்தால் காணாமற் போனோர் பற்றிய பணியகம் அமைக்கப்பட்டு 2018இல் வேலை தொடங்கியது. 2019இல் யாழ்ப்பாணத்தில் அதன் பிராந்திய அலுவலகம் திறக்கப்பட்டது.

இப்பணியகத்தைத் தாய்மாரின் சங்கங்கள் நம்பவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. தேடுவோரில் மிகப் பெரும்பாலானோருக்கு அதனிடமிருந்து பதில் கிடைக்கவில்லை. 2022இல் ஒரு குடும்பத்திற்கு முதலில் ஒரு இலட்சம், பின்னர் இரண்டு இலட்சம் ரூபா என்று அறிவித்தபோது, 'பிள்ளைக்கு விலை பேசுகிறார்களா?' என்று பல தாய்மார் எழுந்தார்கள். அந்தக் கோபத்தை மதிக்க வேண்டும். ஆனால் சான்றிதழ் எடுப்பதும் உண்மை கேட்பதை விட்டுவிடுவதும் ஒன்றல்ல. ஒன்றைச் செய்துகொண்டே மற்றதையும் கேட்கலாம். தெற்கிலே காணாமற் போன படையினரின் மனைவிமாரும் இதே பணியகத்தின் மாத்தறை அலுவலகத்திற்குப் போகிறார்கள் என்பதையும் சொல்லி வைக்க வேண்டும்.

சான்றிதழுக்கு விண்ணப்பிக்க எண்ணுவோர், காணாமற் போனவரின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை இலக்கம், மணச் சான்றிதழ், முன்னர் பொலிசிலோ செஞ்சிலுவைச் சங்கத்திலோ மனித உரிமை ஆணைக்குழுவிலோ முறையிட்டிருந்தால் அந்தத் துண்டு ஆகியவற்றை ஒன்றாகக் கட்டி வையுங்கள். இடப்பெயர்வில் பத்திரங்கள் தொலைந்திருந்தால் கிராம அலுவலரிடம் வதிவிட உறுதிப்படுத்தலை முதலில் பெற்றுக்கொண்டு, பிறப்பு, மணப் பிரதிகளைப் பிரதேச செயலகத்தில் கேட்கலாம். முறைப்பாட்டுத் துண்டு எவ்வளவு பழையதாயினும் எறிய வேண்டாம். 1996இல் ஒரு சாவடியில் கிறுக்கிக் கொடுத்த துண்டுக்கும் இப்போது பெறுமதி உண்டு. மூலப் பத்திரத்தை ஒருபோதும் கையளியாதீர்கள். பிரதியைக் கொடுத்து, பெற்றதற்கு ஒப்பம் வாங்குங்கள்.